ஒன்றரை லட்சத்தில் எடிட்டிங் சிஸ்டம்: ஐ7-உம் 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் போட்டால் போதுமா?

கம்ப்யூட்டர் போட யோசனை கேட்டவரிடம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. வீட்டிலேயே அசெம்பிள் செய்யப் போகிறார். 4கே வீடியோ எடிட்டிங்தான் வேலை. ஐ7 பிராசஸரும் 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் முடிவாகிவிட்டதாம், மற்றதில் எங்கே குறைக்கலாம் என்கிறார். கிட்டத்தட்ட இதே வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 2022-இல் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனவன் நான். அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து பிழைப்பவன். நீங்களும் அதே வேலைதான் செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கேம் விளையாட சிஸ்டம் போடுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. "கேமிங்குக்கு எஃப் சிப்தான் (உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர்) லாபம்" என்று கீழே வந்து எழுத வேண்டாம், அது எனக்கும் தெரியும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலை எழும்பூரில் இறங்கினேன். கடைகள் திறக்கும்வரை நாலு டீ. கடைக்காரர் ஐ7 12700 விலையைச் சொன்ன கையோடு, "எஃப் எடுத்துக்கோங்க சார், ரெண்டாயிரம் கம்மி. தனியா கார்டு போடுறீங்க, உள்ள இருக்கிற கிராபிக்ஸ் வேஸ்ட்தான்" என்றார். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் மேல் தப்பில்லை. அந்தக் கடையில் வந்து நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது நல்ல யோசனை. பத்தாவது ஆள் நான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

12700எஃப், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் என்று வாங்கி ஊர் வந்து சேர்ந்தேன். கூடத்தில் போர்வை விரித்து நானே அசெம்பிள் செய்தேன். பிராசஸரை வைத்து லிவரை அழுத்தும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்து, மேலே இருந்த கறுப்பு மூடி துள்ளி விழும் பாருங்கள், அந்த நிமிடம் உயிர் போய் வந்தது. அது அப்படித்தான் விழ வேண்டும், நீங்கள் பயப்படாதீர்கள். முதல் தடவையிலேயே சிஸ்டம் ஆன் ஆனது. பழைய ஃபுல் எச்டி கல்யாணங்கள் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடின. ஊரில் நாலு ஸ்டூடியோக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதே வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் சோனி ஏ7 ஃபோர் கேமரா வாங்கினேன். அதில் எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதிவது) என்று தரமான பார்மேட் இருக்கிறது, அதில்தான் எடுத்தேன். மெமரி கார்டை காப்பி செய்து எடிட்டிங் டைம்லைனில் போட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே நிற்கிறார். கெட்டிமேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று விநாடி கழித்து ஒரு தாவல், அதற்குள் எல்லோரும் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள்.

ராம் பத்தவில்லை என்று நினைத்து 32 ஆக்கினேன். பிறகு எஸ்எஸ்டி மேல் சந்தேகம் வந்து இன்னொரு என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினேன். அப்போதும் மாப்பிள்ளை அசையவில்லை. கடைசியில் ஆர்டிஎக்ஸ் 3080 வாங்க நகையை வைக்கலாமா என்று பேச்செடுத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் சின்னதாக எடுக்கும் நகல் வீடியோ) போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன். மூன்று கேமரா, ஒன்றரை நாள் கல்யாணம், பிராக்ஸி ஆகி முடிக்க ராத்திரி முழுக்க ஆகும். சீசனில் அந்த ராத்திரி யாரிடம் இருக்கிறது?

கோயம்புத்தூரில் எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவரிடம் போனில் புலம்பினேன். "அண்ணே, டாஸ்க் மேனேஜரைத் திறந்துவெச்சுட்டு வீடியோவை ஓட விடுங்க. ஜிபியு பக்கத்துல 'வீடியோ டிகோடு'ன்னு இருக்கும், அது எவ்வளவு காட்டுது?" என்றார். பூஜ்யம். சிபியு மட்டும் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பிராசஸர் பேரோட கடைசி எழுத்து என்னண்ணே?" சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

விஷயம் இதுதான். கேமரா சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. நிற விவரம் குறைவாக இருக்கும் சாதாரண 4:2:0 வீடியோவை எல்லாக் கார்டும் விரிக்கும். எச்.265-இல் 4:2:2 என்றால் என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளுக்கு (என் 3060-உம் இதில்தான்) அது தெரியாது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் தெரியாது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்குத் தெரியும். கடைக்காரரும் நானும் வேஸ்ட் என்று ஒதுக்கிய அதே சின்ன கிராபிக்ஸ்.

எஃப் சிப்பைக் கேம் விளையாடும் கல்லூரிப் பையன் ஒருவனுக்கு நஷ்டத்துக்கு விற்றேன். எஃப் இல்லாத 12700 வாங்கிப் போட்டேன். போட்டும் ஓடவில்லை! தனிக் கார்டு இருந்தால் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை ஆன் செய்து, பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் மீடியா செட்டிங்கில் இன்டெல்லுக்கு டிக் போட்டபின்தான் மாப்பிள்ளை ஒரே மூச்சில் மூன்று முடிச்சும் போட்டார்.

இப்போது உங்கள் கேள்வி. 16 ஜிபி கார்டு என்கிறீர்கள், எந்தக் கார்டு என்று சொல்லவில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ-யிலும் 16 ஜிபி இருக்கிறது, 5060 டிஐ-யிலும் இருக்கிறது. 2025-இல் வந்த 50 வரிசைக்கு 4:2:2 தெரியும், 40 வரிசைக்குத் தெரியாது. 50 வரிசை வாங்கினால் எஃப் எடுத்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள். நானாக இருந்தால் அப்போதும் எஃப் எடுக்க மாட்டேன், கார்டு சர்வீஸுக்குப் போனால் திரையில் ஏதாவது தெரிய வேண்டாமா? ஏஎம்டியின் ரைசன் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அருமையான பிராசஸர்தான், ஆனால் ரைசன் 7000-க்குள் இருக்கும் கிராபிக்ஸ் 4:2:2-வை விரிக்காது. அதைப் போட்டால் கார்டு 50 வரிசையாகவே இருக்கட்டும். பழைய இன்டெல் 13900கே, 14900கே மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். அந்த இரண்டு தலைமுறையிலும் வோல்டேஜ் கோளாறில் சிப் கெட்டுப்போகும் பிரச்சினை இருந்து, 2024-இல் இன்டெல்லே பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. முன்பு வைத்திருந்தவர் அந்தத் திருத்தத்தைப் போட்டாரா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ராம் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 ராம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இன்டெல் பிராசஸருக்கான பி760 மதர்போர்டுகளில் டிடிஆர்4 போடும் மாடலும் உண்டு, புதிய டிடிஆர்5-உடன் ஒப்பிட்டால் எடிட்டிங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு ஸ்டிக்காகப் போடுங்கள், நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்ய மறந்தால் காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்கிக்கொண்டிருக்கும்.

குறைக்க வேண்டும் என்றால் கேபினெட் விளக்குகளில் குறையுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மட்டும் வேண்டாம். கணக்கு எளிதுதான். 12700 முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும், 3060 கார்டு 170. அதுவே 350. ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து, கொஞ்சம் இடமும் விட்டு நல்ல கம்பெனி 650 வாட் போட்டேன். ஆனால் யுபிஎஸ்ஸை மறந்துவிட்டேன். வீட்டில் இருந்தது 600 விஏ. பெட்டியில் 600 என்று இருந்தாலும் அது தாங்குவது 360 வாட்தான். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் ஒரு கத்து கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும். பிறகு 1000 விஏ வாங்கினேன்.

அப்புறம் எர்த். இதை யாருமே எழுதுவதில்லை. கேபினெட்டின் இரும்பில் கை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி சுர்ரென்று இருந்தது. எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்து மாற்றக்கூடப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்டைக் கழற்றினால், மூன்று ஓட்டை இருக்கிறது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் கசியவிடும் கொஞ்சம் மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டியது. எர்த் இல்லாததால் கேபினெட்டில் வந்து நிற்கிறது.

வீட்டு ஓனரிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா ஃபேனும் லைட்டும் நல்லாத்தானே ஓடுது, நீங்க பெரிய பெரிய மிஷினா கொண்டாந்து வெச்சா?" என்றார். சரி, எர்த்தை விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு இணைப்புக்கு அரசு கொஞ்சம் யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. மாடியில் குடியிருக்கிற நான் அதில் ஒரு யூனிட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. சப் மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய். கணக்குக் கேட்டால் மோட்டார் என்கிறார், மாடிப்படி லைட் என்கிறார். அந்த மாடிப்படி லைட் பியூஸாகி எட்டு மாதம் ஆகிறது! எர்த் கம்பியை என் காசில்தான் இறக்கினேன், காலி செய்யும்போது பிடுங்கிக்கொண்டா போக முடியும்?

எங்கேயோ போய்விட்டேன். பில் விஷயம் ஒன்று. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் ஜிஎஸ்டி பில்லே வாங்குங்கள், சீரியல் நம்பரோடு. இரண்டாவதாக வாங்கிய ராம் ஒன்று செத்தபோது கையில் பில் இல்லாமல் நான் நின்ற நிலையைத் தனியாக எழுதலாம்.

உங்கள் கேமரா என்ன, எந்தப் பார்மேட்டில் எடுக்கிறீர்கள் என்று கருத்தில் போடுங்கள். அது தெரியாமல் பிராசஸர் பெயர் சொன்னால் நானும் அந்தக் கடைக்காரர் மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, திங்கட்கிழமை பார்த்துப் பதில் போடுகிறேன்.