மதுரையில் என் பழைய மாருதி 800-இன் சைலன்சரைத் தீ கக்க வைக்க முடியுமா?

முடியும். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி என்றால் சுலபமும்கூட. சைலன்சர் குழாயின் கடைசியில் ஒரு ஸ்பார்க் பிளக், அதற்குப் பொறி தர, மின்னழுத்தத்தை ஏற்றும் தனி காயில். ஆக்சிலேட்டரை மிதித்தபடியே எஞ்சின் இக்னிஷனை நொடி நேரம் துண்டித்தால் எரியாத பெட்ரோல் ஆவி குழாய்க்குள் வரும். பொறி பட்டதும் குபீர். டீசல் வண்டியில் துண்டிக்க இக்னிஷனே கிடையாது, விட்டுவிடுங்கள்.

புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் குழாயில் இருந்தால் பெட்ரோல் அதற்குள்ளேயே எரியும். பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். செலவு அங்கேதான்.

ரோட்டில் ஓட்டுவது வேறு கதை. வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடிக்கும். அதைவிட, மேலூர்ப் பக்கம் அறுவடை சமயத்தில் தார் ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். அங்கே ஒரு தடவை கக்கினால் போதும், காரும் சேர்ந்து போகும்.