துட்டி கேட்காத வீடு

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூர் கம்பெனியில் வேலை, கொரோனாவில் ஊருக்கு வந்தவன் இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். 2021 மே மாதம் அப்பா தவறிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கடைசியில் பையைத் திறந்து முகம் மட்டும் காட்டினார்கள். சிந்துபூந்துறையில் தகனம். நானும் சித்தப்பாவும் மட்டும்தான் போனோம். நீர்மாலை (உடலைக் குளிப்பாட்டக் கொண்டுவரும் தண்ணீர்) எடுக்கவில்லை, குளிப்பாட்டவில்லை. அம்மாவுக்கும் பாசிட்டிவ் என்பதால் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் துட்டிக்கும் யாரும் வரவில்லை, துக்கம் விசாரிக்க ஒரு ஆள்கூட இல்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி 2 மணிக்கு எழுந்து வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுக்கிறார்கள். தெருமுக்கு மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். முதலில் அரை, இப்போது ஒன்று. டாக்டரிடம் போகலாம் என்றால் 'எனக்கென்ன பைத்தியமா?' என்கிறார்கள். அத்தை ஒரு கோவிலில் 48 நாள் தங்கவைக்கச் சொல்கிறாள். எனக்கும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. புது வைரஸ் என்று டிவியில் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நம் முன்னோர்கள் எத்தனையோ கொள்ளைநோய்களைத் தாங்கினார்களே, நம் தலைமுறைக்குத்தான் மனம் பலவீனமாகிவிட்டதா? மனதைத் திடப்படுத்தும் புத்தகங்கள் சில சொல்ல முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் திட்டிவிடுகிறேன். தெருமுக்கு மெடிக்கல்காரர் உங்கள் அம்மாவுக்கு டாக்டரா? அரை மாத்திரை ஒன்றானதை ஏதோ பால் பாக்கெட் விலை ஏறியதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைத் தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகிவிடும், பழகினால் அளவு கூடும். ஒன்று ஒன்றரையாக அதிக நாள் ஆகாது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து. சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புவரை போகும். மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எத்தனை நாளாக எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, மனநல மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். படிப்படியாகக் குறைப்பது எப்படி என்று அவர் சொல்வார்.

எங்கே போக என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை உங்கள் தாலுகா பக்கம் வருகிறார் என்று அம்பை அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். ராத்திரி 2 மணிக்கு உங்களுக்கே படபடப்பு வந்தால் 14416. டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் பேசலாம். அம்மா வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் போங்கள். அந்தப் படபடப்பும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். மகன் போய்விட்டு முழுசாகத் திரும்பி வருவதைப் பார்த்தால் அம்மா பாதி வழிக்கு வந்துவிடுவார்கள்.

அத்தை சொல்லும் கோவிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். தங்கவைக்கும் பேச்சே கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். நம் வள்ளியூர் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி. அத்தையிடம் அதைச் சொல்லுங்கள், போதும்.

'எனக்கென்ன பைத்தியமா?' என்று அம்மா கேட்பதைப் பற்றி. இதுவரை இங்கே எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டிலிருந்து 11 மாதம் நான் மனநல மருந்து சாப்பிட்டேன். அந்த வருஷம் ஆக்சிமீட்டரை ஒரு நாளைக்கு முப்பது தடவை விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது போல இருந்தது. பைக்கை நிறுத்தி இறங்கி, பாலம் முடியும்வரை தள்ளிக்கொண்டே வந்தேன். பார்த்தவர்களிடம் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். டேங்க் நிறைய இருந்தது.

டாக்டரிடம் போன அன்று மாஸ்க் இருந்தது பெரிய வசதி. யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் கைக்கடிகாரம் தெரிந்த கடிகாரமாக இருந்தது. எங்கள் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. 'என்ன இந்தப் பக்கம்?' என்றார். பிரண்டு ஒருத்தனைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் மருமகனுக்கு டோக்கன் போட வந்ததாகச் சொன்னார். அடுத்த மாதமும் அதே நாற்காலிகள். ரொம்ப நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'மருமகனுக்கு இல்ல, எனக்குத்தான்' என்றார். முதல் ஊரடங்கில் தெரு முழுக்கச் சாமான் கட்டிக் கொடுத்த மனுஷன். வாங்கிய ரூபாய் நோட்டையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கி, கிளிப் போட்டுக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். ஊரடங்கு முடிந்து ஒரு வருஷம் ஆகியும் அதை நிறுத்த முடியவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆனது. அதுவரை எதுவுமே மாறாததுபோல இருக்கும், அந்த இடத்தில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

புத்தகப் பட்டியல் கிடையாது. எழுதுகிறவனே சொல்கிறேன், தூங்காத மனுஷிக்குப் புத்தகம் மருந்தில்லை.

முன்னோர் விஷயத்துக்கு வருகிறேன். 'தாங்கினார்கள்' என்று யார் சொன்னது? நம் பக்கத்தில் எத்தனை அம்மன்கள் அகாலமாய்ச் செத்த பெண்கள் என்று தெரியுமா? கோவில் கொடை (திருவிழா) கொடுத்து, பொங்கல் வைத்து, வில்லுப்பாட்டில் அவர்கள் கதையை விடிய விடியக் கேட்கிறோம். தாங்காதவர்களைத்தான் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் பலவீனத் தலைமுறை என்ற பேச்சை விடுங்கள். ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது, உங்கள் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். 'துட்டிக்கும் யாரும் வரவில்லை.' நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான்.

துட்டி கேட்பது என்றால் என்ன? செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறோம். ஆம்பளைகள் வீட்டு முன்பக்கத் தார்சாவில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறோம். வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் யாராவது ஒருவர் கேட்பார், 'எப்பிடி ஆச்சு?' அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். எழுந்து போகும்போது 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக்கூடாது, பேசாமல் போய்விட வேண்டும். அடுத்த ஆள் வருவார், அதே கேள்வி, அதே கதை.

தாத்தா இறந்தபோது எனக்கு பத்து வயது. தார்சாத் தூணில் சாய்ந்துகொண்டு ஆச்சி சொல்வதையே கேட்டுக்கொண்டிருப்பேன். 'ராத்திரி பால் கொண்டு போனேன், வேண்டாம்னாவ.' முதல் நாள் அந்த இடத்துக்குமேல் ஆச்சியால் போக முடியவில்லை. நாலாம் நாள் பாலைத் தாண்டி டாக்டர் வந்தது வரைக்கும் போனாள். எட்டாம் நாள் சித்தப்பா குறுக்கே ஏதோ சொல்ல, 'இல்ல, அது செவ்வாக்கிழமை' என்று திருத்தினாள். பதினாறுக்கு முந்தின நாள், டாக்டர் ஸ்கூட்டர் பஞ்சராகி அதை ஒரு பையன் உருட்டிக்கொண்டு வந்த கதையைச் சொல்லும்போது சிரித்தேவிட்டாள். அதே சாவுதான். அறுபது தடவை சொன்னதில் ஆச்சி அதன் வெளியே வந்து நின்றுவிட்டாள்.

எல்லாத் துட்டியும் நல்ல துட்டி என்று சொல்லவில்லை. 'அந்த ஆஸ்பத்திரிக்குப் பதில் மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாம்லா?' என்று கேட்கிற ஒரு ஆள் எல்லா ஊரிலும் உண்டு. அவனை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தள்ளி நிற்கத்தான் வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'சமூக இடைவெளி' என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோமே, அதில் சண்டை உண்டு. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல் வேண்டாம், உடல் இடைவெளி என்று சொல்வோம் என்றது. நாம் விடவில்லை. சமூகம் இடைவெளி விட்டுவிட்டது. நோய் போன பிறகும் வந்து சேரவில்லை. ஸ்டிக்கரைக் கிழித்த மறுநாள் உங்கள் தெருக்காரர்கள் வந்திருக்கலாமே? வரவில்லை. நாள் கடந்துவிட்டது, இனிமேல் போய் என்ன கேட்க என்று கூச்சம்.

இதில் நானும் சேர்த்திதான். அதே மே மாதம் என் அத்தான் போனார்கள். அக்கா வீடு கல்லிடைக்குறிச்சி. நான் போனில் துட்டி கேட்டேன். இரண்டு நிமிஷம். 'தைரியமா இரு' என்றேன், அவள் 'சரிடே' என்றாள். அப்புறம் 14 மாதம் கழித்துத்தான் அந்த வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு முறை போயிருக்கிறேன், நின்றவாக்கில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குச் சும்மாதான் கேட்டேன், 'எக்கா, அத்தானுக்கு எப்பிடி ஆச்சு?' என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் பீரோ மேலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. உள்ளே அத்தானின் கண்ணாடி, ஒரு சாரம் (லுங்கி), பாதி கரைந்த சோப்பு, போன் சார்ஜர். ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். 'ஒம்பதரைக்குப் பேசினாவ. தண்ணி தாகமா இருக்குன்னாவ. நர்சம்மாட்ட கேளுங்கன்னேன்.' அந்த இடத்தில் நின்றுவிட்டாள். ஆச்சி பாலில் நின்ற மாதிரி. 14 மாதத்துக்கு அப்புறமும் அவளுக்கு அது முதல் நாளாகவே இருந்தது.

அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களை நானே போய்க் கூப்பிட்டேன். வெட்கம் பார்த்தால் முடியாது. தினமும் சாயங்காலம் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதோடு அவளை டாக்டரிடமும் கூட்டிப்போனேன். ஆறு மாதம் தாண்டியும் விடாமல் ஆளை முடக்கும் துயரத்தை இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில். டாக்டர் என்னிடம் சொன்னபோது அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். 'அப்ப இது நோயா? நான் என் புத்திதான் கெட்டுப்போச்சுன்னுல்லா நெனச்சேன்' என்றாள். அவளுக்கு அது பெரிய நிம்மதி.

இன்னொன்று. நீர்மாலை எடுக்கவில்லை, குளிப்பாட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அம்மா முன்னால் ஒருபோதும் அப்படிச் சொல்லாதீர்கள். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலே குளிப்பாட்டக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது, முகம் காட்டலாம் என்றுதான் சொன்னது. உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள். சாம்பலால் ஆபத்தில்லை என்றும் அதிலேயே இருந்தது. அஸ்தியைக் கரைத்தீர்களா என்று எழுதவில்லை. கரைக்காமல் எங்காவது மண்கலயத்தில் இருக்கிறது என்றால், அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஆற்றில் விடுங்கள். ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது.

அம்மா ராத்திரி கதவைத் திறந்து பார்ப்பதற்கு டாக்டர் என்ன காரணம் சொல்வாரோ தெரியாது. எனக்கென்னவோ, வரவேண்டியவர்கள் இன்னும் வரவில்லை என்று பார்ப்பதாகத்தான் தோன்றுகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வருகிறேன். அங்கிருந்து உங்கள் ஊர் தூரமில்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு 4 மணி வாக்கில் வருவேன், தெருவை மெயிலில் எழுதுங்கள். எழுத்தாளர் வருகிறார் என்று சொல்ல வேண்டாம். துட்டி கேட்க ஆள் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். காப்பி பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போவோம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.