லேசர் பவர் மீட்டர்: கேட்டவையும் என் பதில்களும்

கே: 40 வாட் சிஓ2 லேசர் கட்டிங் மெஷின் வைத்திருக்கிறேன் சார். முன்பு 3 மி.மீ. அக்ரிலிக் ஒரே ஓட்டத்தில் அறுந்தது, இப்போது பாதியில் நிற்கிறது. மீட்டரை லென்ஸுக்குக் கீழே வைத்து அளக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். கணக்குப் பாருங்கள். லேசர் பிறக்கும் டியூபிலிருந்து வரும் கதிரின் விட்டம் 5 மி.மீ. என்றால், சதுர செ.மீ.க்குச் சுமார் 200 வாட். அதையே லென்ஸ் 0.2 மி.மீ. புள்ளியாகக் குவித்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். மீட்டரின் சென்சாரில் (கதிர் படும் பகுதி) '50 வாட்' என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி ஏமாறும் இடம் இதுதான். மொத்த வாட்டுக்கு ஓர் எல்லை, அடர்த்திக்கு, அதாவது சதுர செ.மீ.க்கு விழும் வாட்டுக்கு, வேறோர் எல்லை. என் முதல் சென்சாரின் கறுப்புப் பூச்சில் வெள்ளைப் பொட்டு விழுந்ததும் இப்படித்தான்.

டியூப் வாயருகே ஒரு முறை, அப்புறம் கதிரைத் திருப்பும் ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னும் ஒரு முறை அளந்து பாருங்கள். பவர் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். பல நேரம் டியூப் நன்றாகத்தான் இருக்கும், அழுக்கு கண்ணாடியில் இருக்கும். முதலில் குறைந்த பவரில் மாஸ்கிங் டேப்பில் சுட்டுக் கதிர் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு மீட்டரை வையுங்கள். சென்சாருக்குப் பின்னால் ஒரு செங்கல் இருக்கட்டும், குறி தப்பினால் கதிர் அங்கேயே நிற்கும். டியூப் முனையில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. அதனால் மெஷினை அணைத்துவிட்டு மீட்டரைப் பொருத்துங்கள், கையை எடுங்கள், பிறகு சுடுங்கள்.

கே: பச்சை லேசருக்கு வாங்கிய கண் பாதுகாப்புக் கண்ணாடி இந்த சிஓ2 லேசருக்கும் போதுமா?

ப: நிறத்தைப் பார்க்காதீர்கள், அதில் அச்சிட்ட அலைநீள எண்ணைப் பாருங்கள். சிஓ2-வுக்கு 10,600 நானோமீட்டர் இருக்க வேண்டும்.

கே: கல்லூரி ஆய்வகத்தில் '5 மில்லிவாட்' என்று போட்ட பச்சை பாயிண்டரை அளந்தால் 32 காட்டுகிறது அண்ணா. மீட்டர் பழுதா?

ப: பழுதாக இருக்காது. இந்தப் பாயிண்டர்களில் 808 நா.மீ. அகச்சிவப்பு டயோடு 1064-ஐ (அதுவும் அகச்சிவப்புதான்) உண்டாக்கி, அதிலிருந்து 532 பச்சை பிறக்கிறது. மலிவானவற்றில் அகச்சிவப்பை வடிகட்டும் ஃபில்டர் இருக்காது. சிலிக்கான் சென்சார் 1100 வரை பார்க்கும். 808-ல் அதற்கு உணர்திறன் அதிகம், மீட்டரோ அதையும் 532 என்று நினைத்துக் கணக்குப் போட்டு அதிகமாகக் காட்டிவிடுகிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் வைத்து மறுபடி அளந்து பார். அப்போதும் 20, 25 காட்டினால் பாயிண்டரே பொய் சொல்கிறது என்று அர்த்தம். கசியும் அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, இமையும் தானாக மூடாது, ஆனால் விழித்திரைக்குப் போய்விடும். சென்சாரின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வை, எதிரொளி யார் முகத்துக்கும் போகாது.

கே: கேபிள் டிவி ஃபைபர் வேலை. ஆம்ப்ளிஃபயர் போர்ட்டில் மீட்டரைச் செருகலாமா?

ப: மீட்டரின் உச்ச எல்லையைப் பார்த்த பிறகுதான். +20 டிபிஎம் (பவரைச் சொல்லும் ஓர் அலகு) என்றால் 100 மில்லிவாட். +10 வரை தாங்கும் மீட்டருக்கு அது பத்து மடங்கு. ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடுங்கள், இல்லாவிட்டால் +26 வரை அளக்கும் வகையை வாங்குங்கள். போர்ட்டை அணைத்துவிட்டு ஃபைபரைச் செருகி, பிறகு இயக்குங்கள். முனையில் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணால் பார்க்கிற பழக்கம் மட்டும் கூடாது. 1550 நா.மீ. எப்படியும் தெரியாது.

கே: சென்சாரைக் கையில் பிடித்தே அளக்கலாமா?

ப: 30 வாட்டை விழுங்குகிற அலுமினியத் துண்டு சார் அது. ஸ்டாண்டில் மாட்டுங்கள். அளந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தொடாதீர்கள்.