கேளுங்கள், சொல்கிறேன்: நம்ம ஊர்க் காக்கா பெர்த்தில் வந்தால்

கேள்வி: அக்கா, ஃப்ரீமேண்டில் துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம்ம ஊர்க் காக்கா ஒன்று வந்து சுவரில் உட்கார்ந்தது. சாம்பல் கழுத்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வேலை பார்ப்பவரோ, "உடனே அரசாங்கத்துக்குச் சொல்லுங்கள், பிடித்துக் கொன்றுவிடுவார்கள்" என்கிறார். முன்னோர் என்று சோறு வைத்து வளர்ந்தவள் நான். காட்டிக்கொடுப்பது பாவமில்லையா? (வாசகி, கேனிங் வேல்)

பதில்: சொல்லிவிடுங்கள் தங்கச்சி. இந்தப் பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் உங்களுக்குத் தனியாகவும் எழுதினேன்.

பெர்த்தில் நாம் தினமும் பார்க்கிற கரிய பறவை ரேவன். ஆஸ்திரேலியாவின் சொந்தப் பறவை. குழந்தை அழுகிறாற்போல இழுத்து இழுத்துக் கத்தும். அண்டங்காக்கை போல உடம்பு முழுக்கக் கறுப்பு, வளர்ந்த பறவைக்குக் கண் வெள்ளை. குஞ்சுப் பருவத்தில் கண் கறுத்திருக்கும் என்பதால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், கழுத்தைப் பாருங்கள். பிடரியிலும் மார்பிலும் சாம்பல் பூத்திருந்தால் அது ரேவன் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வந்தது நம்ம ஊர்க் காக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் அதைப் பார்த்ததிலும் வியப்பில்லை. இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் சரக்குக் கப்பலில் ஏறிக்கொள்ளும். கப்பலில் கிடைக்கிற மிச்சம் மீதியைத் தின்றபடி கடலைத் தாண்டிவிடும். மனிதர்கள் கொண்டுபோய் விட்ட கதையும் உண்டு. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் குப்பை தின்னட்டும் என்று சான்சிபார் தீவுக்கும் போனது. சான்சிபாரிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெல்லாம் பரவி, அங்குள்ள சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று, இன்று கென்யாவின் மொம்பாசாவில் ஓட்டல்காரர்களுக்கும் கோழி வளர்ப்பவர்களுக்கும் பெரிய தலைவலி. 2024-ல் கென்ய அரசு பத்து லட்சம் காக்கைகளை அழிக்கப்போவதாக அறிவித்தது.

பத்து லட்சம்! அந்தப் பாவத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலண்ட் துறைமுகத்தில் 1994-ல் வந்திறங்கியவை இரண்டே காக்கைகள். 1997-ல் கூடு கட்டின, பிறகு கூட்டமாகிவிட்டன, கடைசியில் அந்தக் கூட்டத்தையே ஒழிக்க வேண்டியதாயிற்று. ஒற்றைப் பறவையாக இருக்கும்போது சொல்லாமல் விட்டால் பின்னால் நூறு பறவை சாகும்; அதற்குள் இந்த மண்ணின் குஞ்சுகள் எத்தனையோ போயிருக்கும். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்: அந்தக் காக்கையைக் கொல்லத்தான் கொல்வார்கள். எனக்கும் அது வலிக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காக்கை மேல் நமக்குள்ள பாசத்துக்கு இங்குள்ள ஹனிஈட்டர், ரென் போன்ற சிறு பறவைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அமாவாசைச் சோற்றைப் பற்றியும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். வெளியே வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதல் பிடியைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதை நாங்களே பகிர்ந்து சாப்பிடுகிறோம். மாமியாருக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. இப்போது அவரே எடுத்துவைக்கிறார்.

கேள்வி: மைனா, சிட்டுக்குருவி பார்த்தாலும் சொல்ல வேண்டுமா? எப்படிச் சொல்வது? (வாசகர், மிட்லண்ட்)

பதில்: இரண்டையுமே சொல்ல வேண்டும். சிட்னி, மெல்பர்ன் பக்கம் மைனாவும் சிட்டுக்குருவியும் தெருவுக்குத் தெரு உண்டு; மெல்பர்னில் 1862-லேயே மைனாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டும் இன்னும் குடியேறவில்லை. நடுவில் கிடக்கிற நல்லார்பர் பாலைவெளியும், வந்த பறவையை உடனுக்குடன் பிடிக்கிற ஆட்களும்தான் காரணம். உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பறவைகள் மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு, மைனாவும் செம்புழைச் சின்னானும், நம் கொல்லைப்புறத்துப் பறவைகள். அதனால்தான் சொல்கிறேன், இந்த ஊரில் இவற்றை நம்மைவிடச் சட்டென்று அடையாளம் காணக்கூடியவர்கள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. பெர்த்தின் வடக்குப் புறநகர்களில் மைனர் என்ற உள்ளூர்ப் பறவை இருக்கிறது. அதற்கும் கண்ணைச் சுற்றி மஞ்சள், அலகும் மஞ்சள். உடம்பு மட்டும் சாம்பல். மைனாவுக்குக் காப்பிக்கொட்டை நிறம், கறுத்த தலை, பறக்கும்போது சிறகில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டு.

போனில் ஒரு படம் எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. சத்தத்தைப் பதிவு செய்தாலும் உதவும். மாநில வேளாண் துறையின் 'மைபெஸ்ட்கைட் ரிப்போர்ட்டர்' செயலியில் படத்தையும் இடத்தையும் ஏற்றினால் போதும், பார்த்துவிட்டுப் பதில் போடுவார்கள். இடத்தைச் சரியாகக் குறியுங்கள்: எந்தத் தெரு, எந்த மரம், எத்தனை பறவை, குச்சி தூக்கிக்கொண்டு போனதா. கூடு கட்டுகிறது என்றால் அவசரம் இன்னும் கூடும். நீங்களே துரத்தவோ பிடிக்கவோ போகாதீர்கள். மிரண்டு இடம் மாறினால் தேடுவது கஷ்டம்.

கேள்வி: எங்கள் வீட்டு யூகலிப்டஸ் மரத்தில் பச்சைக்கிளிகள் வருகின்றன. மகள் ஊர்க்கிளி என்கிறாள். அதையுமா? (வாசகி, வில்லட்டன்)

பதில்: முதலில் தலையைப் பாருங்கள். கறுத்த தலை, பிடரியில் மஞ்சள் பட்டை என்றால் அது இந்த மண்ணின் கிளி. அதன் கூவலை வைத்து 'ட்வென்டி எய்ட்' என்றே இங்கே கூப்பிடுவார்கள். விட்டுவிடுங்கள். தலையும் பச்சை, அலகு மிளகாய்ப்பழச் சிவப்பு, நீண்ட வால் என்றால் நம்ம ஊர்க்கிளி; யாரோ வளர்த்த கூண்டிலிருந்து தப்பி வந்திருக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது கிளியைத் தொலைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள், அதோடு செயலியிலும் பதிவு செய்யுங்கள். கிளி அழகுதான். ஆனால் அது மரப்பொந்தில் கூடு வைப்பது, இங்கே பொந்துக்குப் பஞ்சம். கிழக்கிலிருந்து வந்து 1960களில் பெர்த்தில் தப்பிய வானவில் லோரிகீட் என்ற கிளிகளே உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மகளிடம் பைனாகுலரைக் கொடுத்து அலகைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சிவப்பா இல்லையா என்று தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள்.