கல்லூரி குவார்ட்டர்பேக்குகளை எண்களை வைத்து வரிசைப்படுத்துவது நியாயமா?

கேள்வி கேட்டவரின் வருத்தம் இதுதான்: அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக்; அவருக்குப் பிடித்த கல்லூரி குவார்ட்டர்பேக் சனிக்கிழமை ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார், திங்கட்கிழமை பார்த்தால் தரவரிசையில் ஆறு இடம் இறங்கியிருக்கிறார். இந்தக் கணக்கெல்லாம் நியாயம்தானா என்று கேட்கிறார்.

அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை சரியாகத்தான் போடப்படுகின்றன. ஆனால் களத்தில் பதினோரு பேரும் ஓரத்தில் ஒரு பயிற்சியாளரும் சேர்ந்து சம்பாதித்ததை ஒரே ஆளின் பெயரில் வரவு வைக்கிறார்கள். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

2018 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்துக்குப் போனேன். அதுவரை கிரிக்கெட் தவிர எதையும் முழுசாக உட்கார்ந்து பார்த்தவனில்லை. அந்த ஊரில் இலையுதிர் காலச் சனிக்கிழமை என்றால் மளிகைக் கடைக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லார் உடம்பிலும் ஊதாச் சட்டைதான். ஓஹாயோ ஸ்டேட் அணியில் வாய்ப்பில்லாமல் உட்கார வைக்கப்பட்டிருந்த ஜோ பரோ என்ற குவார்ட்டர்பேக் அந்த ஆண்டுதான் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வின் அணிக்கு வந்திருந்தார். நானும் அவரும் ஒரே சமயத்தில் அந்த ஊருக்குப் புதுசு என்பதாலேயே அவர் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

முதல் ஆண்டில் அவர் எறிந்ததில் தன் அணியால் பிடிபட்டது 57.8 சதவீதம், 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), 5 இன்டர்செப்ஷன் (எதிரணி கையில் சிக்கிய பாஸ்). இதையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கும் பாசர் ரேட்டிங் 133.2. பரவாயில்லை ரகம். அடுத்த ஆண்டு, 2019-இல், அதே ஆள்: 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். ரேட்டிங் 202.0. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, தேசியப் பட்டம் எல்லாம் வந்தன.

ஒரு மனிதன் ஒரே கோடை விடுமுறையில் இவ்வளவு மாறுவானா? பரோ உழைத்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற பயிற்சியாளர் வந்து பாஸ் ஆட்டத்தையே மாற்றி அமைத்தார். முந்தைய ஆண்டு முதலாண்டு மாணவராக இருந்த ஜமார் சேஸ் 1,780 யார்டு எடுக்கும் ரிசீவராக, அதாவது பாஸைப் பிடிப்பவராக, வளர்ந்தார். இன்னொரு பக்கம் ஜஸ்டின் ஜெஃபர்சன். முன்னால் நின்று காத்த லைன்மேன்களுக்கு நாட்டிலேயே சிறந்த வரிசை என்று ஜோ மூர் விருது கிடைத்தது. 133-க்கும் 202-க்கும் நடுவில் உள்ள அந்த 69 புள்ளியை இவர்களுக்கெல்லாம் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? தரவரிசை பிரிப்பதே இல்லை, மொத்தமும் பரோ பெயரில்தான்.

இனி அந்த ரேட்டிங் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1979 முதல் பயன்படுத்தும் சூத்திரம் அது. யார்டுகளை 8.4 ஆல் பெருக்க வேண்டும். டச்டவுனுக்கு 330, பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் 100 கூட்ட வேண்டும். இன்டர்செப்ஷனுக்கு 200 கழிக்க வேண்டும். வந்ததை எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான், பேனாவும் தாளும் போதும்.

போட்டுப் பாருங்கள். நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை. மூன்றாவது வாய்ப்பும் வீணானால் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது வாய்ப்பில் 15 யார்டு தேவை. குவார்ட்டர்பேக் பயந்துபோய் பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடுகிறார், 8 யார்டு கிடைக்கிறது, பந்து கைமாறுகிறது. சூத்திரம் கொடுப்பது 167.2. இன்னொருவர், மூன்றாவது வாய்ப்பில் 4 யார்டு தேவை என்ற நிலையில், இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே 5 யார்டு பாஸ் எறிந்து ஆட்டத்தைத் தொடர வைக்கிறார். அவருக்கு 142. தோற்ற பாஸுக்கு 25 புள்ளி அதிகம்!

சாக், அதாவது பந்தை எறியும் முன்பே மாட்டிக்கொண்டு விழுவது, இந்தச் சூத்திரத்தில் வரவே வராது. கல்லூரி ஆட்டத்தில் அந்த இழப்பை ஓட்டக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். குவார்ட்டர்பேக் தானே ஓடி எடுக்கும் யார்டுகளும் வராது. நேவி அணியின் கீனன் ரெனால்ட்ஸ் தன் கல்லூரிக் காலத்தில் ஓடியே 88 டச்டவுன் எடுத்தார். இந்தச் சூத்திரத்தைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் புதிய முறைகள் வந்தன. இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலின் கியூ.பி.ஆர். என்ற முறை ஒவ்வொரு ஆட்டத்துணுக்கும் (ஒரு தடவை பந்து ஆடப்படுவது) அணி எடுக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய புள்ளியை எவ்வளவு ஏற்றியது, இறக்கியது என்று கணக்கிடுகிறது. சாக், ஓட்டம், எதிரணியின் பலம் எல்லாம் அதில் உண்டு. மேலே சொன்ன 8 யார்டு பாஸ் அதில் பாராட்டு வாங்காது. பி.எஃப்.எஃப். என்ற ஆட்ட ஆய்வு நிறுவனத்தில் ஆட்களே ஒளிப்பதிவைப் பார்த்து ஒவ்வொரு துணுக்குக்கும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ரிசீவர் கைநழுவவிட்டால் எறிந்தவருக்குத் தண்டனை இல்லை. இவை பழைய சூத்திரத்தைவிட எவ்வளவோ நியாயமானவை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் அவற்றுக்கும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 7, ஆஸ்டினில் டெக்சஸ் அணியுடன் ஆட்டம். எங்கள் அடுக்குமாடியில் ஏழெட்டுப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எல்.எஸ்.யூ. 37, டெக்சஸ் 31. மூன்று நிமிடம்கூட மீதி இல்லை. மூன்றாவது வாய்ப்பு, 17 யார்டு தேவை. இங்கே பந்தை விட்டால் டெக்சஸ் ஒரே டச்டவுனில் முந்திவிடலாம். டெக்சஸ் கூடுதல் ஆட்களை மேலே ஏவிவிட்டது. பரோ பின்வாங்கவில்லை, இடைவெளியைப் பார்த்து முன்னால் ஒரு அடி ஏறி, மேலே விழ வருகிறவர்களுக்கு நடுவிலிருந்து எறிந்தார். ஜெஃபர்சன் பிடித்தார், அப்புறம் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். 61 யார்டு, டச்டவுன். கடைசியில் 45-38 என்று ஜெயித்தார்கள்.

பழைய சூத்திரத்தில் அந்தப் பாஸின் மதிப்பு 942.4. இரண்டு யார்டு தள்ளி எறிந்த பாஸைப் பிடித்து ஜெஃபர்சனே 59 யார்டு ஓடியிருந்தாலும் அதே 942.4-தான். புதிய முறைகள் பந்து காற்றில் போன தூரத்தையும் பிடித்தபின் ஓடிய தூரத்தையும் பிரித்துப் பார்க்கும். சரி. ஆனால் அந்த ஒரு அடி முன்னால் ஏறினாரே, அதை எந்தப் பத்தியில் எழுதுவது? மதிப்பெண் போடுகிறவர் கூர்மையானவராக இருந்தால் அதையும் கவனிப்பார். அப்போதும் பயிற்சியாளர் என்ன ஆட்டம் சொன்னார், ரிசீவர் சொன்னபடி ஓடினாரா என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

பயிற்சியாளரின் பங்கைப் பார்க்க ஓக்லஹோமா அணியைப் பாருங்கள். லிங்கன் ரைலி தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது அடுத்தடுத்து மூன்று ஆண்டு மூன்று வேறு குவார்ட்டர்பேக்குகள். 2017-இல் பேக்கர் மேஃபீல்ட் 198.9, 2018-இல் கைலர் மர்ரி 199.2, 2019-இல் ஜேலன் ஹர்ட்ஸ் 191.2. முதல் இருவரும் ஹைஸ்மன் வென்றார்கள், ஹர்ட்ஸ் இரண்டாமிடம். இதே ஹர்ட்ஸ்தான் அலபாமாவில் டுவா டகோவைலோவாவிடம் இடத்தை இழந்தவர். மூவருமே அபாரமான ஆட்டக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேர் வந்து போயும் எண் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது என்றால், அதில் ஒரு பெரிய பங்கு அந்த நாற்காலிக்குச் சேர வேண்டியது.

எதிர்ப்பக்க உதாரணம் ஜோஷ் ஆலன். வயோமிங் என்ற சிறிய அணி. 2016-இல் 3,203 யார்டு எறிந்தார். அந்தப் பருவம் முடிந்ததும் அவருடைய முக்கிய ரிசீவர், பந்தோடு ஓடுபவர், அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டர் எல்லாரும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். தேடிப் போய்விட்டார்கள். 2017-இல் 1,812 யார்டு, 56.3 சதவீதம். எண்களை நம்பியவர்கள் இவர் வேண்டாம் என்றார்கள். என்.எஃப்.எல். அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் பஃபலோ அணி அவரை ஏழாவது ஆளாக எடுத்தது. 2024 பருவத்தில் என்.எஃப்.எல்.-இன் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குத்தான். இதில் எண்களுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். என்.எஃப்.எல்.-இல் முதல் ஆண்டில் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் பிடிபட்டது. குறி தவறுகிறது என்று கல்லூரி எண்கள் சொன்னது உண்மையாகவே இருந்தது. 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் ரிசீவராக வந்த பிறகு அது 69.2 ஆனது. எறிந்தவரும் தேறினார், பிடிப்பவரும் நல்லவராக வந்தார்.

இன்னொன்று, கல்லூரி ஆட்டத்துக்கே உரிய சிக்கல். உயர் பிரிவில் 130-க்கு மேல் அணிகள். ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆடும், அதிலும் பெரும்பாலும் தன் வட்டத்துக்குள்ளேயே. ஹவாயின் கோல்ட் பிரென்னன் 2006-இல் 58 டச்டவுன் எறிந்தார். அடுத்த பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த அந்த அணி, 2008 ஜனவரி முதல் தேதி சுகர் பவுல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 41-10 என்று நொறுங்கியது. அதுவரை எதிரில் நின்றவர்கள் யார் என்பது அன்று ஒரே இரவில் தெரிந்தது. எதிரணிப் பலத்தைக் கணக்கில் சேர்க்கலாம்தான். ஆனால் இரு அணிகளுக்கும் பொதுவான எதிரியே இல்லாதபோது அந்தத் திருத்தமும் பாதி ஊகம்.

உங்கள் ஆளுக்கு வருகிறேன். ஜெயித்தும் ஆறு இடம் இறங்கியதில் அதிசயம் இல்லை. அந்தப் பட்டியலில் ஐந்தாவது ஆளுக்கும் பதினோராவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து பாஸ்களில் மாறிவிடும் அளவுதான் இருக்கும். அப்புறம் அந்த ஆட்டத்தில் எத்தனை சாக் வாங்கினார், எதிரணி எப்படிப்பட்டது, அவருடைய இடதுபக்க லைன்மேன் காயத்தில் வெளியே இருந்தாரா என்று பாருங்கள். முடிந்தால் மூன்றாவது வாய்ப்பில் அவர் எறிந்தவற்றை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து துணுக்குதான் வரும். மேலே ஆட்கள் விழ வரும்போது அவர் கால் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதை அதில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.