மகன் பெயரில் வந்த பார்சலில் போதை மாத்திரை: ஜாமீன் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 24 வயது. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. மூன்று நண்பர்களோடு வாடகை வீட்டில் இருந்தான். நெதர்லாந்திலிருந்து அவன் பெயருக்குத் தபாலில் ஒரு பார்சல் வந்ததாம். சுங்கத்துறையினர் பிரித்துப் பார்த்ததில் 64 மாத்திரைகள், மொத்தம் 27 கிராம், எம்.டி.எம்.ஏ. என்ற போதை மருந்து என்கிறார்கள். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்து விசாரணை என்று அழைத்துப் போனவர்கள் கைது செய்துவிட்டார்கள். வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. கூட இருந்த ஒருவன்தான் தன் பெயரைப் போட்டு வரவழைத்திருப்பான் என்கிறான் மகன். ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக அவன் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். சிறப்பு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. புழல் சிறையில் 40 நாளுக்கு மேல் ஆகிறது. ஒருவர் 5 லட்சம் கொடுத்தால் அடுத்த வாரமே வெளியே கொண்டுவரலாம் என்கிறார். என்ன செய்வது? – திண்டுக்கல் மாவட்ட வாசகி ஒருவர்.

பதில்: அம்மா, முதலில் அந்த 5 லட்சம். கொடுக்காதீர்கள். போதைப்பொருள் வழக்கில் இத்தனை நாளில் ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்று உறுதி சொல்பவருக்கு இந்தச் சட்டம் தெரியாது. இல்லையென்றால் உங்கள் நிலைமை நன்றாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகன் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்று நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. தபால் பார்சல் வழக்குகளில் அரசுத் தரப்புக்குச் சில பலவீனங்கள் உண்டு. அவற்றைப் பிடித்து மனுவை எழுத வேண்டும்.

எல்லாம் எடையில் தொடங்குகிறது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ். சட்டம்) ஒவ்வொரு பொருளுக்கும் சிறிய அளவு, வணிக அளவு என்று இரண்டு கோடு போட்டிருக்கிறது. எம்.டி.எம்.ஏ.வுக்கு சிறிய அளவு அரை கிராம். வணிக அளவு 10 கிராம். கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சின்ன எடை என்பது புரியும். கைக்குள் அடங்கும் மாத்திரைகளுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை தண்டனை என்றால் குடும்பத்தார் நம்பவே மாட்டார்கள். ஆனால் 22(சி), 23(சி) பிரிவுகள் அப்படித்தான் சொல்கின்றன. மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான், மீதி மாவுதான் என்ற வாதமும் இப்போது எடுபடாது. கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது.

வணிக அளவு என்றானதும் 37-வது பிரிவு குறுக்கே வருகிறது. அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதி திருப்தி அடைய வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. தள்ளுபடியான மனுவை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட மனுக்கள் பல என் கையில் வந்திருக்கின்றன. ஒரே பிள்ளை, பட்டதாரி, அம்மாவுக்குச் சர்க்கரை நோய், முன் வழக்கு இல்லை என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பார்சலைப் பற்றி ஒரு பத்தியோடு முடித்திருப்பார்கள். முன் வழக்கு இல்லை என்பது இரண்டாவது நிபந்தனைக்கு உதவும். மற்றதெல்லாம் 37-வது பிரிவின் முன்னால் நிற்காது. மனுவின் பெரும்பகுதி பார்சலைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

அதனால் பார்சலுக்கு வருவோம். அது உங்கள் மகன் கைக்கு வந்ததா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தபால் அலுவலகத்திலேயே சுங்கத்துறை மடக்கிவிட்டது போலத் தெரிகிறது. அப்படியானால் பொருள் அவன் வசம் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. கைப்பற்றும் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) எழுதியபோது அவன் அங்கே இல்லை. 54-வது பிரிவு, பொருளை வைத்திருந்ததற்குச் சரியான விளக்கம் தராதவர் குற்றம் செய்தவர் என்று அனுமானிக்கச் சொல்கிறது. வைத்திருக்கவே இல்லாதவர் மேல் அதைத் தூக்கிப் போடுவது அரசுத் தரப்புக்குச் சுலபம் இல்லை. சில வழக்குகளில், 50ஏ பிரிவின்படி அனுமதி பெற்று, பார்சலைக் கண்காணிப்போடு போக விட்டு, வாங்கும் ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் கதை வேறு. இந்த ஒரு விவரத்தை மகனிடம் வழக்கறிஞர் நேரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

கைக்கு வராத பார்சல் என்றால் அரசுத் தரப்பு இறக்குமதி, முயற்சி, கூட்டுச் சதி என்ற பிரிவுகளில்தான் நிற்க வேண்டும். அதற்கு, வரவழைத்தது இவன்தான் என்று காட்ட வேண்டும். உறையில் பெயரும் முகவரியும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு: பணம் யார் கணக்கிலிருந்து போனது? கிரிப்டோவில் கட்டியிருந்தால் அந்த வாலட் யாருடையது? உறையில் இருக்கும் கைபேசி எண்ணின் சிம் யார் பெயரில்? வெளிநாட்டுப் பார்சலுக்கு எழுத்தும் எண்ணுமாக 13 இலக்கக் கண்காணிப்பு எண் ஒன்று இருக்கும். அதை எந்தப் போனிலிருந்து தேடிப் பார்த்தார்கள்? வரவழைத்தவன் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டான். மகன் போனில் அந்தத் தடயம் இல்லை என்றால் மனுவில் முதல் பத்தியிலேயே அது வர வேண்டும். இருந்தால் அதை மறைத்து மனுப் போட வேண்டாம், அரசு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுத்துப் படிப்பார்.

குற்ற மனநிலை இருந்ததாக அனுமானிக்கும் 35-வது பிரிவையும் எதிர்த்தரப்பு எடுத்துப் போடும். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகுதான் அந்த அனுமானம் உயிர்பெறும் என்று நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. நான்கு பேர் இருந்த வீடு என்பதற்கு வாடகை ஒப்பந்தம், மற்றவர்கள் வாடகைப் பங்கு அனுப்பிய வங்கி விவரம், மகனுடைய ஆறு மாத வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இதை நீங்களே செய்யலாம்.

ஆனால் அந்த நண்பனைத் தேடிப் போகாதீர்கள். நல்லவிதமாகப் பேசினாலும் சாட்சியை மிரட்டினார்கள் என்று ஒரு வரி வந்துவிட்டால், ஜாமீன் அத்தோடு சரி. மகனுடைய மெயில், டெலிகிராம் கணக்கு எதையும் வெளியிலிருந்து யாரும் திறக்கவோ அழிக்கவோ வேண்டாம்.

கையால் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் பற்றி உங்களுக்குப் பயம் அதிகம் என்று தெரிகிறது. அந்த அளவு பயப்பட வேண்டியதில்லை. 67-வது பிரிவில் போதைப்பொருள் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் போலத்தான். அதை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் தோஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அந்த வாக்குமூலத்தால் புதிதாக ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பு வரலாம். உங்கள் வழக்கில் வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும், மிரட்டி வாங்கியது என்றால் சிறையிலிருந்தே அதை மறுத்து ஒரு மனு உடனே நீதிமன்றத்துக்குப் போகட்டும். ஆறு மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாட்ஸ்அப் உரையாடல் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பார்கள். பாரத் சவுத்ரி வழக்கில், சென்னை சிறப்பு நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆய்வக உறுதி இல்லாத வாட்ஸ்அப் நகல்களையும் 67-வது பிரிவு வாக்குமூலங்களையும் மட்டும் வைத்துத் தொடர்பைக் காட்ட முடியாது என்பது அதன் சாரம். உங்கள் வழக்குக்கு நெருக்கமான தீர்ப்பு, வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, மாத்திரைகள். 64-ம் ஒரே நிறமா, ஒரே முத்திரையா? இரண்டு நிறம் இருந்து, ஒரு நிறத்திலிருந்து மட்டும் மாதிரி எடுத்திருந்தால், மற்றதும் எம்.டி.எம்.ஏ.தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும், எல்லா விதத்திலும் ஒன்றுபோல இருந்தால் மட்டுமே சேர்த்து எடுக்கலாம் என்பது 2022-ம் ஆண்டு விதி. அந்தக் கணக்கில் எடை 10 கிராமுக்குக் கீழே இறங்கினால் 37-வது பிரிவின் தடையே போய்விடும். அதற்கு மகஜரும் 52ஏ பிரிவில் மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்த பதிவும் ஆய்வக அறிக்கையும் வேண்டும். நகல் மனு போட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: 52ஏ நடைமுறையில் தாமதம் ஆனது, அதனால் ஜாமீன் கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் நடக்காது. 2024 டிசம்பரில் காஷிஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 50-வது பிரிவு மீறல் என்று சிலர் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அது உடல் சோதனைக்கான பிரிவு, தபால் பார்சலுக்குப் பொருந்தாது.

இப்போது காலண்டர். ரிமாண்ட் ஆன முதல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வணிக அளவு வழக்கில் விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் புகார் (குற்றப்பத்திரிகை போன்றது) தாக்கல் செய்ய 36ஏ(4) பிரிவின்படி 180 நாள் அவகாசம். அதற்குள் தாக்கல் ஆகவில்லை என்றால் 37-வது பிரிவு எதுவும் பேசாது. ஜாமீன் மகனின் உரிமை ஆகிவிடும். ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். சென்னையில் நடந்த எம். ரவீந்திரன் வழக்கைப் பாருங்கள். 180 நாள் முடிந்த மறுநாள், 2019 பிப்ரவரி 1, காலை 10.30-க்கு மனு தாக்கல் ஆனது. வருவாய்ப் புலனாய்வுத் துறை அன்று மாலை 4.25-க்குத் தன் புகாரைக் கொண்டுவந்து கொடுத்தது. விசாரணை நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, காலையில் கேட்டபோதே உரிமை உறுதியாகிவிட்டது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீனை நிலைநிறுத்தியது. ஜாமீன் கேட்டவர் தரப்பு மறுநாள் வரலாம் என்று இருந்திருந்தால் அந்த உரிமை கைநழுவிப் போயிருக்கும்.

அரசுத் தரப்பு ஒரு வருடம் வரை நீட்டிப்புக் கேட்கலாம். அதற்கு அரசு வழக்கறிஞரே விசாரணையின் முன்னேற்றத்தையும், இன்னும் காவலில் வைக்க வேண்டிய குறிப்பான காரணத்தையும் சொல்லி அறிக்கை தர வேண்டும். அந்த மனு விசாரிக்கப்படும்போது மகனை நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்த வேண்டும். இது நடக்காமல் நீட்டித்திருந்தால் அதை எதிர்த்துப் போகலாம். எடை 10 கிராமுக்குக் கீழே என்று வந்தால் 180 நாள் கணக்கே பொருந்தாது. அப்போது அவகாசம் 60 நாளா 90 நாளா என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் வாசகத்தை வைத்து வாதம் வரும். எதற்கும் 61-வது நாளே மனு போட்டுவிடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது உயர் நீதிமன்றம் போகலாமா? போகலாம். அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 483-வது பிரிவில் மனு போடலாம். என் யோசனை, ஆவணங்கள் கைக்கு வரும்வரை இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். அரைகுறை மனு அங்கேயும் தள்ளுபடி ஆனால், அடுத்த மனுவுக்குச் சூழ்நிலையில் என்ன மாற்றம் என்று கேட்பார்கள். கீழ் நீதிமன்றத் தள்ளுபடியை மனுவில் கட்டாயம் சொல்ல வேண்டும். கைதுக்கான காரணத்தை மகனுக்குப் புரியும்படி தெரிவித்தார்களா என்பதையும் கைதுக் குறிப்பில் பாருங்கள். அது அரசியல் சாசன உரிமை, அதில் குறை இருந்தால் கைதே செல்லாது என்று வாதிடலாம். வழக்கு நீண்டு ஆண்டுக்கணக்கில் சிறையிலேயே வைத்திருந்தால் 37-வது பிரிவையும் தாண்டி ஜாமீன் தரலாம் என்று 2023-ல் முகமது முஸ்லிம் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். 40 நாளில் அந்த வாதத்தை எடுக்க முடியாது.

ஒருவேளை மகனே வரவழைத்தது உண்மை என்றால்? அதை அவன் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லட்டும், ஆனால் முழுதாகச் சொல்லட்டும். அப்போது நண்பன் மேல் பழி போடும் மனு கூடாது. எடை, மாதிரி, காலக்கெடு இவற்றை மட்டும் வைத்து வேறு மனு தயாராக வேண்டும்.

பணம் இல்லை என்று தரகரிடம் கடன் கேட்டுப் போக வேண்டாம். சிறையில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. புழல் சிறையிலேயே மகன் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்; நீங்களும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். போகும்போது ரிமாண்ட் உத்தரவு, கைதுக் குறிப்பு, தள்ளுபடி உத்தரவு மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.