இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பக்கப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து உதவுவதென்றால் எதற்குக் கொடுப்பது நல்லது?

பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, அதற்குக் காசு சேர்க்க வேண்டாம். சம்பூர்ச் சனம் 2006இல் போரால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் இருந்துவிட்டு, 2015இலிருந்துதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். வீடு கட்டிக் கொடுத்தாலும் தோட்டம், மாடு, வலை எல்லாம் உடனே வந்துவிடாது. அந்த இடைவெளியில்தான் நுண்கடன் (வறிய குடும்பங்களுக்குத் தவணையில் கொடுக்கும் சிறு கடன்) நுழைகிறது. தவணை கட்ட முடியாவிட்டால் முதலில் பிள்ளையின் டியூஷன் நிற்கும், அப்புறம் பள்ளிக்கூடமே நிற்கும்.

ஆகவே, தாய் தனியாக நடத்தும் குடும்பமென்றால் ஒரு கறவை மாடோ தையல் மெஷினோ கொடுங்கள். கூடவே, பிள்ளை சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) முடிக்கும்வரை மாதாமாதம் ஒரு சிறு தொகை. புத்தகப்பை கொடுத்துப் படம் எடுப்பதெல்லாம் (அதுதான் அதிகம் நடக்கிறது) கொடுப்பவருக்குத்தான் திருப்தி. பெயர்ப் பட்டியலைக் கிராம அலுவலரிடமும் பாடசாலை அதிபரிடமும் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரே வீட்டுக்கு மூன்று பேர் கொடுப்பார்கள், பக்கத்து வீடு விடுபட்டுப்போகும்.